எடைபோடும் ஒளி: கண்ணாடி விரியனின் நஞ்சும் புரத நிறையளவும்

மணிமுத்தாறு அணையிலிருந்து பெருங்காலிலும் பிரதானக் கால்வாயிலும் தண்ணீர் ஓடத் தொடங்கினால் வயலில் நெல் வரும், நெல்லைத் தேடி எலி வரும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். கார், பிசானம் ஆகிய நெற்பருவங்களில் வரப்பில் நடப்பவர்கள் இந்த வரிசையை நன்றாக அறிவார்கள். கடிபட்டவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா என்று மருத்துவமனையில் பார்க்கிறார்கள். கண்ணாடி விரியன் நஞ்சு உடலில் இறங்கியிருந்தால் அது பெரும்பாலும் உறையாது. நஞ்சிலுள்ள சில நொதிகள் ரத்தம் உறைவதற்கான தொடர்வினையை உடல் முழுவதும் ஒரே நேரத்தில் தூண்டிவிடுகின்றன. உறையவேண்டிய பொருள் அதிலேயே செலவாகித் தீர்ந்துபோகிறது. அந்த நொதிகளில் முதன்மையானது ரத்த உறைவின் பத்தாம் காரணியைத் தூண்டும் புரதம். அதன் மூலக்கூறு நிறை என்ன என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றே தோன்றும். அந்த எண் எந்த முறையில் கிடைத்தது என்பதைப் பொறுத்து அந்தப் புரதத்தைப் பற்றிய நம் புரிதலே மாறிவிடும். புரதம் தன் இயல்பு நிலையில், கரைசலில், எத்தனை உறுப்புகள் கூடி நிற்கிறது என்பதை அறியக் குரோமட்டோகிராபியையும் ஒளிச்சிதறலையும் சேர்த்தே பயன்படுத்தவேண்டும். குரோமட்டோகிராபியை மட்டும் நம்பிச் சொல்லும் நிறை ஓர் ஊகம்தான். இதை நிறுவுவதும், நச்சுமுறி மருந்து தயாரிப்பில் இது ஏன் உயிர் சார்ந்த விஷயம் என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நிறை என்னும் ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியின் நிறை என்ன என்பது முதலாவது. மரபணு வரிசை தெரிந்தால் அதைக் காகிதத்திலேயே கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். அந்தச் சங்கிலி தண்ணீரிலும் உப்பிலும் மிதக்கும்போது தனியாக இருக்கிறதா, இரண்டாக நான்காகச் சேர்ந்திருக்கிறதா, சர்க்கரைக் கிளைகளைச் சுமக்கிறதா என்பது இரண்டாவது. புரதத்தின் செயலைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். ஹீமோகுளோபினின் வரலாறு இதை நன்றாக விளக்கும். அதிலுள்ள இரும்பின் விகிதத்தை வைத்து, ஒரு மூலக்கூறில் ஓர் இரும்பு அணுவாவது இருக்கவேண்டும் என்று கொண்டு கணக்கிட்டால், நிறை ஏறத்தாழ 16,700 என்று வரும். 1925இல் ஆடேர் சவ்வூடு அழுத்தத்தை அளந்தபோது அதைப்போல் நான்கு மடங்கு கிடைத்தது. மறு ஆண்டே ஸ்வெட்பெர்க்கின் மீவேக மையவிலக்கி அதை உறுதி செய்தது. நான்கு உறுப்புகள் கூடி நிற்பதால்தான் ஓர் உறுப்பு ஆக்சிஜனைப் பற்றியதும் மற்றவை இன்னும் எளிதாகப் பற்றிக்கொள்கின்றன. 16,700 என்ற எண்ணோடு நின்றிருந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் விதமே புரிந்திருக்காது.

புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல் குரோமட்டோகிராபிக்கு எளிய தொடக்கம் இருந்தது. 1950களின் நடுவில் லண்டனில் லேத், ரூத்வென் இருவரும் நீரில் உப்பிய மக்காச்சோள மாவுத் துகள்களைக் குழாயில் அடைத்து, அவற்றின் வழியே கரைசலை ஓடவிட்டுப் பெரிய மூலக்கூறுகளையும் சிறியவற்றையும் பிரித்தார்கள். 1959இல் ஸ்வீடனின் உப்சலாவிலிருந்து போராத், ஃப்ளோடின் இருவரும் டெக்ஸ்ட்ரான் என்னும் சர்க்கரைத் தொடரைப் பின்னிச் செய்த ஜெல் மணிகளை அறிவித்தார்கள். செபடெக்ஸ் என்ற பெயரில் அவை உலகெங்கும் பரவின. இந்த மணிகள் முழுவதும் நுண்துளைகள். பெருங்காலில் விட்ட மரக்கட்டை நடு ஓட்டத்தோடு நேராகப் போய்விட, சிறு துரும்பு கரையிலுள்ள ஒவ்வொரு பொந்திலும் நுழைந்து சுழன்று தாமதமாக வந்து சேர்வதுபோல, பெரிய புரதம் துளைகளுக்குள் நுழைய இயலாமல் முதலில் வெளியேறும். சிறியது சுற்றிவிட்டுப் பின்னால் வரும். நிறை தெரிந்த சில புரதங்களை ஓடவிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிலிட்டர் கழித்து வெளியே வருகிறது என்று குறித்து ஒரு கோடு வரைந்துகொண்டால், தெரியாத புரதத்தின் நிறையை அந்தக் கோட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம் என்பது அடுத்த எண்ணம். 1964இல் ஆண்ட்ரூஸ் இதை முறைப்படுத்தி எழுதினார். மலிவான, எளிய வழி. இன்றும் பல ஆய்வகங்களில் நிறை என்று சொல்லப்படுவது இந்தக் கோட்டிலிருந்து எடுத்த எண்தான்.

இதன் குறை கோட்டின் அடிப்படையிலேயே இருக்கிறது. குழாய் நிறையை அளப்பதில்லை. மூலக்கூறு நீரில் உருளும்போது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதைத்தான் அது உணர்கிறது. ஒரே நிறையுள்ள இரண்டு புரதங்களில் ஒன்று உருண்டையாகவும் மற்றொன்று நீண்டும் இருந்தால், நீண்டது முன்னதாக வெளியேறும். கோடு அதற்குக் கூடுதல் நிறை சொல்லும். சீகல், மான்ட்டி இருவரும் 1966லேயே இதைத் தெளிவாக்கிவிட்டார்கள்: வெளியேறும் இடத்தைத் தீர்மானிப்பது புரதத்தின் ஸ்டோக்ஸ் ஆரம் (நீரில் உருளும்போது அது அடைக்கும் ஆரம்), நிறை வேண்டுமானால் மையவிலக்கியில் அது படியும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்றார்கள். சர்க்கரைக் கிளைகள் இன்னொரு சிக்கல். அவை நீரை இழுத்துப் பரந்து நிற்பதால், தம் நிறைக்குரியதைவிட அதிக இடத்தை அடைக்கின்றன. மூன்றாவது சிக்கல் இதற்கு நேர்மாறானது. ஜாக் பீன் விதையிலுள்ள கன்கனவாலின் ஏ என்னும் லெக்டினுக்குச் சர்க்கரையைப் பற்றிக்கொள்வதுதான் வேலை. டெக்ஸ்ட்ரான் மணிகளையும் அது பற்றிக்கொண்டு வெளியே வரவே மறுத்தது. 1965இல் அகர்வால், கோல்ட்ஸ்டைன் இருவரும் இந்தக் குணத்தையே பயன்படுத்தி அதைத் தூய்மைப்படுத்தினார்கள் என்பது வேறு கதை. இவ்வளவு வலுவாக ஒட்டாமல் இலேசாக ஒட்டும் புரதம் கொஞ்சம் தாமதித்து வந்து சிறிய புரதம்போலத் தோன்றும். அளப்பவருக்கு அதில் எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. மாதிரிப் புரதங்களைப் போலவே இதுவும் உருண்டையாக இருக்கும், சர்க்கரை சுமக்காது, மணியில் ஒட்டாது என்ற மூன்று நம்பிக்கைகளின் மேல்தான் அந்தக் கோடு நிற்கிறது.

கண்ணாடி விரியனின் பத்தாம் காரணித் தூண்டி இந்த நம்பிக்கைகளில் முதல் இரண்டையும் மீறுகிறது. 1934லேயே மக்ஃபர்லேன், பார்னெட் இருவரும் இந்த நஞ்சைச் சிறிதளவு எடுத்து ஹீமோஃபிலியா நோயாளிகளின் ரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுத்தினார்கள். இன்றும் லூப்பஸ் எதிர்ப்பொருளைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனையில் நீர்த்த கண்ணாடி விரியன் நஞ்சு உலகெங்கும் பயன்படுகிறது. இத்தனை பழக்கமான இந்தப் புரதத்தைத் தொடக்க கால ஆய்வுகள் ஒரு கனமான சங்கிலியும் ஒரு மெல்லிய சங்கிலியும் சேர்ந்த இரட்டை என்றே கருதின. 1990களில் வந்த ஆய்வுகளே அதில் மெல்லிய சங்கிலிகள் இரண்டு என்று காட்டின. கனமானது ஏறத்தாழ 58 கிலோடால்டன், மெல்லியவை 19, 16 கிலோடால்டன் அளவில். மொத்தம் சுமார் 93. மூன்றையும் டைசல்பைடு பிணைப்புகள் கட்டிவைத்திருக்கின்றன. 2007இல் ஜப்பானியக் குழு ஒன்று இதன் படிக அமைப்பை வெளியிட்டபோது, கொக்கி வைத்த ஸ்பானரைப்போல நீண்டு வளைந்த வடிவம் தெரிந்தது. மேலே சர்க்கரைக் கிளைகளும் உண்டு. நீண்ட உடலும் சர்க்கரைப் போர்வையும் கொண்ட இப்படியொரு புரதத்தை உருண்டைப் புரதங்களின் கோட்டில் வைத்துப் படித்தால் உண்மையைவிடப் பெரிய எண்தான் கிடைக்கும். அந்த எண்ணை நம்பியவர் இல்லாத இன்னொரு சங்கிலியைத் தேடி அலைவார். அதே புரதத்தைச் சோப்பு கலந்து சங்கிலிகளைப் பிரித்து மின்புலத்தில் ஓடவிடும் ஜெல்லில் பார்த்தாலும் சர்க்கரை அதன் ஓட்டத்தைக் குழப்பும். அளவை வைத்து நிறையைச் சொல்லும் வழிகள் எல்லாமே இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

ஒளி வேறு வகையில் எடைபோடுகிறது. கரைசலின் வழியே ஓர் ஒளிக்கற்றை செல்லும்போது ஒவ்வொரு மூலக்கூறும் அதில் ஒரு சிறு பங்கைப் பக்கவாட்டில் சிதறடிக்கிறது. ஒரு புரதத்தில் இரண்டு உறுப்புகள் சேர்ந்திருந்தால் அவை ஒருமித்து அதிர்வதால் சிதறும் அலையின் வீச்சு இரண்டு மடங்காகும். ஒளிச்செறிவு வீச்சின் வர்க்கம் என்பதால் நான்கு மடங்காகும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை பாதியாவதால், அதே அளவு புரதம் கரைந்த கரைசல் மொத்தத்தில் இரண்டு மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். சிதறிய ஒளியைப் புரதத்தின் செறிவால் வகுத்தால் நிறை கிடைக்கிறது. புரதம் உருண்டையா நீளமா என்பது இங்கே கணக்கில் வருவதில்லை. ஆரம் ஏறத்தாழ பத்து நானோமீட்டருக்குள் இருக்கும் வரை, அதாவது பெரும்பாலான தனிப்புரதங்களுக்கு, எந்தக் கோணத்தில் வைத்து அளந்தாலும் ஒரே விடைதான். அதைவிடப் பெரிய திரள்களுக்குத்தான் பல கோணங்கள் தேவைப்படுகின்றன. சிதறல் கோணத்துக்குக் கோணம் மாறும் விதத்திலிருந்து அவற்றின் ஆரத்தையும் கணிக்கலாம். குழாய்முறையைப்போல வேறு புரதங்களோடு ஒப்பிட்டுக் கோடு வரையும் அவசியமும் இல்லை. டொலுயீன் போன்ற தூய திரவத்தின் சிதறலை வைத்துக் கருவியைச் சீர்செய்தாலே போதும்.

இந்தக் கணக்கின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பழைய திருநெல்வேலிச் சீமைக்கும் ஓரிடம் உண்டு. வானம் ஏன் நீலம் என்ற கேள்விக்கு 1871இல் ராலே எழுதிய விதியும், திரவங்களின் அடர்த்தி கணத்துக்குக் கணம் ஏறி இறங்குவதால் ஒளி சிதறுகிறது என்று 1910இல் ஐன்ஸ்டைன் எழுதிய கணக்கும் அடித்தளம். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் 1920களில் கல்கத்தாவின் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அந்தக் கணக்கைச் சோதனைமேல் சோதனையாக உரைத்துப் பார்த்தார். கூழ்மக் கரைசலின் ஒளிச்சிதறலுக்கும் சவ்வூடு அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1927இல் ஒரு கட்டுரையும் எழுதினார். சவ்வூடு அழுத்தம் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு. அதை ஒளியோடு இணைத்த அந்த எண்ணத்தில் ஒளியால் நிறையை அளக்கும் வழியின் விதை இருக்கிறது. அவருடைய தோழர் கே. எஸ். கிருஷ்ணன் 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர். அவ்வூர் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1910இல்தான் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாறியது. கிருஷ்ணன் பல பத்துத் திரவங்களின் சிதறலை அளந்து 1925இல் வெளியிட்டார். அந்த வேலையில் மிகவும் கடினமான பகுதி அளப்பது அன்று, தூசியை நீக்குவது. காற்று நீக்கி மூடிய குடுவைக்குள் திரவத்தை மெதுவாக, திரும்பத் திரும்ப வாலைவடித்துத் தூசியை ஒழித்த பிறகே திரவம் தானே சிதறும் மங்கலான ஒளி தெரியும். ராமன் விளைவைப் பலரும் அறிவார்கள். அதற்குப் பின்னால் நின்ற இந்தத் தூய்மைப்படுத்தும் பொறுமையைப் பேசுவோர் குறைவு. நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு அந்தப் பொறுமைதான் நேரடியாகத் தொடர்புடையது.

காரணம், புரதக் கரைசலை வாலைவடிக்க முடியாது. பெல்ஜியத்தில் புட்சீஸ், ப்ரோஸ்டோ இருவரும் 1935இல் புரதங்களின் நிறையை ஒளிச்சிதறலால் ஒப்பிட்டுக் காட்டினார்கள். 1944இல் டெபை கோட்பாட்டைக் கரைசலில் உள்ள பெருமூலக்கூறுகளுக்கு ஏற்றபடி முழுமையாக்கினார். 1948இல் சிம் செறிவையும் கோணத்தையும் ஒரே வரைபடத்தில் கையாளும் வழி சொன்னார். கோட்பாட்டில் குறையில்லை. ஆனால் குவளையில் வைத்த புரதக் கரைசலில் ஒரு துளி தூசியோ சிறு திரளோ இருந்தால் அளவே வீணாகிவிடும். ஒரு விழுக்காடு புரதம் மட்டும் நூறு மூலக்கூறுகள் சேர்ந்த திரளாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விழுக்காடு, மீதித் தொண்ணூற்றொன்பது விழுக்காடு தனி மூலக்கூறுகள் சிதறும் அளவுக்குச் சமமான ஒளியைச் சிதறடிக்கும். விடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒளி சொல்லும் நிறை சராசரிதான், அதுவும் கனமானவற்றின் பக்கம் சாய்ந்த சராசரி. இங்கேதான் குழாயின் அருமை தெரிகிறது. வடிகட்டிய கரைசல் ஜெல் குழாயில் ஓடும்போது திரள்கள் முன்னதாகவே பிரிந்து போய்விடுகின்றன. கிருஷ்ணன் வாலைவடித்துச் செய்ததைப் புரதத்துக்கு ஏறக்குறைய இந்தக் குழாய் செய்கிறது. குழாய் பிரிக்கட்டும், அளப்பதை ஒளியிடம் விடுவோம் என்ற இந்த வேலைப்பங்கீடு வந்த பிறகு பழைய குறைகள் இரண்டும் ஒரே நேரத்தில் நீங்கின. புரதம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பது இப்போது முக்கியமில்லை. மணியில் ஒட்டித் தாமதித்தாலும், நீண்டிருந்து முந்தினாலும், வெளியே வரும் அந்தக் கணத்தில் அது சிதறும் ஒளி அதன் உண்மை நிறையைச் சொல்லிவிடும்.

செறிவை அளக்க இரண்டு வழிகள் உண்டு. டிரிப்டோஃபன், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்கள் புற ஊதா ஒளியை உறிஞ்சுவது ஒன்று. கரைந்த பொருளால் கரைசலின் ஒளிவிலகல் எண் கூடுவது மற்றொன்று. சர்க்கரை சுமக்கும் புரதங்களுக்கு இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு நல்ல வழி திறக்கிறது. புற ஊதா உறிஞ்சலில் புரதப் பகுதி மட்டும் தெரியும், சர்க்கரை தெரியாது. ஒளிவிலகலில் இரண்டும் தெரியும். ஒரு கிராம் புரதம் ஒளிவிலகலைக் கூட்டும் வீதம் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 0.185, சர்க்கரைக்கு 0.145 அளவில். வென், அரகாவா, ஃபிலோ மூவரும் 1996இல் ஒளிச்சிதறல், புற ஊதா, ஒளிவிலகல் ஆகிய மூன்று உணர்விகளையும் வரிசையாக இணைத்து, சர்க்கரையைக் கழித்துப் புரதச் சங்கிலிகளின் மொத்த நிறையை மட்டும் எடுக்கும் கணக்கை விளக்கினார்கள். பத்தாம் காரணித் தூண்டியைப் போன்ற புரதத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை: எத்தனை சங்கிலிகள் கூடி நிற்கின்றன என்பதும், மேலே எவ்வளவு சர்க்கரை என்பதும் ஒரே ஓட்டத்தில் தனித்தனியே தெரியவரும்.

நிறை நிறமாலைமானி இருக்கும்போது இவ்வளவு பாடு ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒளிச்சிதறலில் பொதுவாக ஐந்து விழுக்காடு வரை பிழை இருக்கலாம். நிறை நிறமாலைமானியோ ஒரு ஹைட்ரஜன் அணுவின் வேறுபாட்டையும் காட்டும். நியாயமான கேள்வி. சங்கிலியின் நிறையைத் தேடுபவர் அங்கேதான் போகவேண்டும். ஆனால் வழக்கமான நிறமாலைமானி புரதத்தை அமிலத்திலும் கரிமக் கரைப்பானிலும் கரைத்து, மின்னூட்டி, வெற்றிடத்துக்குள் பறக்கவிடுகிறது. தளர்வாகக் கைகோத்து நிற்பவை அங்கே கலைந்துவிடும். கூட்டைக் கலைக்காமல் அளக்கும் நிறமாலை முறைகளும் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அவையும் ரத்தத்துக்கு ஒத்த உப்புக்கரைசலை விட்டு, ஆவியாகக்கூடிய வேறு உப்புகளுக்குப் புரதத்தை மாற்றிய பிறகே அளக்கின்றன. படிக ஆய்வையும் இதே கேள்வியோடுதான் பார்க்கவேண்டும். டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் டி. பி. சிங் குழுவினர் 2000, 2001 ஆண்டுகளில் இந்தியக் கண்ணாடி விரியனின் பாஸ்போலிப்பேஸ் ஏ2 நொதியின் அமைப்பை வெளியிட்டபோது, படிகத்தில் இரண்டு மூலக்கூறுகள் எதிரெதிரே இணைந்து நின்றன. அந்த இணைப்பு நொதியின் செயலைக் கட்டுப்படுத்துகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். படிகத்தில் நெருக்கி அடுக்கியதால் வந்த இணைப்பா, நஞ்சுப்பையிலும் உண்டா என்ற கேள்விக்குக் கரைசலில் அளந்த நிறைதான் நேர்விடை. மூன்று முறைகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. ஒன்றின் துல்லியத்தைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுவது சரியன்று.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஒளிச்சிதறலும் ஊகங்களின்மேல்தானே நிற்கிறது? ஒளிவிலகல் வீதத்தை நாம்தான் கொடுக்கிறோம். அது தவறினால் நிறையும் தவறும். சிதறல் கணக்கில் அந்த வீதம் இருபடியாக வருவதால் சிறு தவறும் பெரிதாகும் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் இரண்டு ஊகங்களும் ஒரே தரத்தவை அல்ல. புரதத்துக்குப் புரதம் வடிவம் மிகப்பெரிய அளவில் மாறும். அதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒளிவிலகல் வீதமோ சர்க்கரை இல்லாத புரதங்களில் மிகக் குறுகிய எல்லைக்குள்தான் மாறும். அமினோ அமில வரிசையிலிருந்து கணக்கிடவும் முடியும். ஒளிவிலகலையே செறிவுமானியாகவும் பயன்படுத்தும்போது அந்த இருபடியில் ஒரு படி குறைந்துவிடுவதால் பிழையும் சுருங்கும். உண்மையான வரம்புகள் வேறு இடத்தில் இருக்கின்றன. குழாயில் ஓடும்போது கரைசல் பல மடங்கு நீர்த்துப்போகிறது; அடர்ந்த நிலையில் மட்டும் சேர்ந்து நிற்கும் தளர்ந்த இணைகள் வழியிலேயே பிரியலாம். நஞ்சுப்பையில் புரதங்கள் மிக அடர்த்தியாக இருப்பதால் நஞ்சு ஆய்வில் இதை மறக்கக் கூடாது. சிறிய புரதங்கள் சிதறும் ஒளியும் மிகக் குறைவு. நல்ல பாம்பின் நஞ்சிலுள்ள ஏழு கிலோடால்டன் நரம்பு நச்சை அளக்க, 70 கிலோடால்டன் புரதத்துக்குத் தேவைப்படுவதைப்போல் பத்து மடங்கு பொருள் வேண்டும். அதற்கு நிறமாலைமானியே மேல். மையவிலக்கியும் இணையான, சுதந்திரமான சாட்சி. குழாயின் தலையீடு அதில் இல்லை. இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ஐயத்துக்கு இடமேது?

இப்போது நஞ்சிலிருந்து மருந்துக்கு வரலாம். 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து, ஏ.எஸ்.வி. என்று மருத்துவமனைகளில் வழங்கும் ஒரே மருந்துதான் நாடு முழுவதும். குதிரைக்கு நஞ்சைச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து, பெப்சின் நொதியால் அதன் வால் பகுதியை வெட்டி, பற்றும் கைகள் இரண்டும் சேர்ந்த எஃப்(ஏபி)2 என்ற துண்டை எடுக்கிறார்கள். முழு எதிர்ப்பொருள் 150 கிலோடால்டன். இந்தத் துண்டு ஏறத்தாழ 110. வாலை வெட்டுவதன் நோக்கம் ஒவ்வாமையைக் குறைப்பது. வெட்டுப்படாத முழு எதிர்ப்பொருளும், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட புரதமும் மருந்தில் தங்கிவிட்டால், சிரை வழியே செலுத்தும்போது நடுக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி, மூச்சுத்திணறல் போன்ற எதிர்விளைவுகளுக்கு வழிவகுக்கும். உலக நலவாழ்வு அமைப்பின் வழிகாட்டுதல்கள் மருந்தின் மூலக்கூறு அளவுப் பரவலைக் குரோமட்டோகிராபியால் பார்க்கச் சொல்வதும் அதனால்தான்.

குழாயும் புற ஊதா உணர்வியும் மட்டும் வைத்து இந்தச் சோதனை நடக்கும்போது இரண்டு இடங்களில் கண் தவறுகிறது. 150க்கும் 110க்கும் அடைக்கும் இடத்தில் பெரிய வேறுபாடு இல்லாததால் இரண்டும் வரைபடத்தில் ஒரே மேட்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். ஒளிச்சிதறல் இருந்தால் அந்த மேட்டின் ஒவ்வொரு நொடிக்கும் தனித்தனி நிறை கிடைக்கும். முன்பகுதியில் 140, 145 என்று தொடங்கிப் பின்பகுதியில் 110க்கு இறங்கினால் வெட்டுப்படாதது கலந்திருக்கிறது என்று உடனே தெரியும். முழு மேடும் 110இல் தட்டையாக நின்றால் மருந்து சீரானது. முழு மேட்டுக்கும் எடுத்த சராசரி மட்டும் இதைக் காட்டாது: பத்து விழுக்காடு கலப்பு இருந்தாலும் சராசரி 114தான், அது பிழையின் எல்லைக்குள்ளேயே மறைந்துவிடும். சரிவு மறையாது. இரண்டாவது இடம் திரள்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு திரண்டிருந்தால் புற ஊதா வரைபடத்தில் அது அடிக்கோட்டின் நடுக்கமாகவே தெரியும். ஒளிச்சிதறல் வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு மேடு எழும்பும். தூளாக உலர்த்திய மருந்து கோடை முழுவதும் கிடங்குகளிலும் வண்டிகளிலும் சூடேறிய பிறகு எப்படி மாறியிருக்கிறது என்று தேடுபவருக்கு இந்த நுண்ணுணர்வு மிகப்பெரிய உதவி.

மருந்து நஞ்சை முறிக்கிறதா என்பதுதானே கேள்வி, நிறை தெரிந்து என்ன பயன் என்று மருத்துவர் கேட்கலாம். முறிக்கும் திறனை இன்றும் சுண்டெலிகளில்தான் சோதிக்கிறார்கள். ஒரு மில்லிலிட்டர் மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கவேண்டும் என்பது இந்திய மருந்துத் தொகுப்பின் விதி. அந்தச் சோதனையின் இடத்தை எந்த ஒளிக்கருவியும் பிடிக்காது, பிடிக்கவும் கூடாது. ஆனால் சுண்டெலி பிழைத்தது என்பதிலிருந்து மனிதருக்கு ஒவ்வாமை வராது என்று சொல்லிவிட முடியாது. திறன் ஒரு கேள்வி, தூய்மை வேறு கேள்வி. முதல் தவணையிலேயே எட்டு முதல் பத்துக் குப்பிகள் வரை ஏற்றவேண்டிய மருந்தில் இரண்டாவது கேள்வியைப் பின்தள்ளுவது தவறு. கருவியின் விலையைப் பொறுத்தவரை, ஒவ்வொரு மருத்துவமனையிலும் இது வேண்டியதில்லை. மருந்து தயாரிக்கும் இடங்களிலும் தரம் பார்க்கும் அரசு ஆய்வகங்களிலும் இருந்தால் போதும். ஓர் அளவீடு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நூறு மைக்ரோகிராம் அளவு மருந்தே பெரும்பாலும் போதும்.

பொருநை என்னும் தாமிரபரணியின் பள்ளத்தாக்குக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. நச்சுமுறிக்கான நஞ்சில் பெரும்பகுதி 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, மாமல்லபுரம் அருகேயுள்ள வடநெம்மேலியிலிருந்து போகிறது. அந்தச் சங்கத்தின் உழைப்பு நாட்டின் உயிர்காக்கும் உழைப்பு. ஆனால் ஒரே இனப் பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்பதை இந்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வடக்கே எடுத்த நஞ்சை வைத்துச் செய்த மருந்து அம்பாசமுத்திரத்து வயலின் விரியனுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை, இங்குள்ள விரியனின் நஞ்சைத் தனியே பிரித்து அளந்தே சொல்லவேண்டும். புரதங்களின் பட்டியல் மட்டும் போதாது, எவை எவற்றோடு கூடி நிற்கின்றன என்பதும் தெரியவேண்டும், ஏனெனில் எதிர்ப்பொருள் பற்றுவது கூட்டின் வெளிப்பரப்பைத்தான். மணிமுத்தாறு அணைக்கு மேலே மாஞ்சோலைக்குப் போகும் மலைக்காடுகளில் நிலைமை இன்னும் மோசம். மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் வாழும், மூக்கு நுனி மேடேறிய சிறிய குழிவிரியனின் நஞ்சை இந்தியாவின் பொது நச்சுமுறி முறிப்பதில்லை. அதற்குத் தனி மருந்து செய்யவேண்டுமானால் குதிரைக்கு எந்தப் புரதத்தை எந்த நிலையில் கொடுப்பது என்பது முதல் முடிவாக இருக்கும். அந்த நஞ்சை ஜெல் குழாயில் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒளியிலும் நிறமாலைமானியிலும் அளந்து, எந்த உப்பில், எந்தச் செறிவில், எந்த ஒளிவிலகல் வீதத்தைக் கொண்டு அந்த எண் வந்தது என்பதையும் உடன் பதிந்து வைத்தால், பத்தாண்டு கழித்து வேறோர் ஊரில் அதே பாம்பின் நஞ்சை அளப்பவர் தன் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.